பூங்காச் சாவி



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைப்பு அனுப்பியபோது, எனக்கு முன்னால் இங்கே பேசியவர்களின் தலைப்புகளையும் சேர்த்து அனுப்பியிருந்தார்கள். காப்பியம், கல்வெட்டு, மொழிபெயர்ப்பு என்று எல்லாம் கனமான பொருள்கள். நான் முப்பத்திரண்டு ஆண்டு வங்கியில் கணக்கு எழுதியவன். பதினோரு ஆண்டாக எங்கள் தெருமுனைப் பூங்காவில் ஞாயிற்றுக்கிழமைதோறும் களை பிடுங்குகிறவன். இரண்டாவது தகுதியை நம்பித்தான் அழைத்திருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டேன். அதனால் சென்னையின் தெற்குப் புறநகரில் ஆறு கிரவுண்ட் நிலத்தைப் பற்றித்தான் பேசப்போகிறேன். நடுவில் வேறு ஊர்களுக்குப் போனாலும் திரும்பி வந்து சேருவது அந்த ஆறு கிரவுண்டுக்குத்தான்.

அறக்கட்டளை மேடையில் நிற்பதால், அந்தச் சொல்லிலிருந்தே தொடங்குகிறேன். சோழர் காலத்தில் கோயிலுக்கு ஒரு நந்தா விளக்கு ஏற்ற விரும்பியவர் விளக்கை மட்டும் வாங்கிக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஆடு கொடுத்தார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது கணக்கு. அந்த ஆடுகளுக்குப் பெயர் 'சாவா மூவாப் பேராடு'. ஆடு சாகாமலா இருக்கும்? கிழடாகாமலா இருக்கும்? குட்டிகள் ஈடுகட்டிக்கொண்டே வரும், மந்தையின் எண்ணிக்கை குறையாது, நெய் நின்றுபோகாது. வங்கிக்காரன் காதில் இது தேனாகப் பாயும். முதல் கரையாமல் வட்டியில் எரியும் விளக்கு அது. நந்தவனத்துக்கும் இதே முறைதான். பூந்தோட்டம் போட்டுக் கொடுத்ததோடு நிறுத்தாமல், அதில் வேலை செய்கிறவர் சாப்பாட்டுக்கு 'திருநந்தவனப்புறம்' என்று தனி நிலம் விட்டார்கள். கல்வெட்டில் பாதிக்குமேல் அந்த விவரம்தான்: எந்த நிலம், எவ்வளவு நெல், யார் பொறுப்பு.

நம் பூங்காக்களிலும் கல்வெட்டு உண்டு. நுழைவாயிலுக்கு வலப்பக்கம், கறுப்புக் கிரானைட்டில், பொன் வண்ண எழுத்தில். யார் தலைமை, யார் முன்னிலை, யார் திறந்து வைத்தார் என்றெல்லாம் இருக்கும். நாளைக் காலையில் யார் தண்ணீர் ஊற்றுவார் என்று மட்டும் இருக்காது. ஆயிரம் ஆண்டில் கல்வெட்டு எழுதும் கலை நமக்கு எப்படித் தேய்ந்துபோயிற்று என்று கல்வெட்டியல் மாணவர்கள் யாராவது ஆராயலாம்.

எங்கள் நிலத்தின் கதை தமிழ்நாட்டில் ஆயிரம் நிலங்களின் கதை. மனைப்பிரிவு போடுகிறவர், பரப்பு 10,000 சதுர மீட்டருக்கு மேல் இருந்தால், சாலை போக மீதியில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதித் தரவேண்டும். 'ஓ.எஸ்.ஆர். நிலம்' என்று பத்திரப் பதிவு அலுவலகத்தில் சொல்வார்கள். அப்படி வந்த நிலங்களைப் பாதுகாக்கப் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகள் சட்டம் என்று 1959 முதல் ஒரு சட்டமே இருக்கிறது. சட்டம் நிலத்தைக் காப்பாற்றியது, உண்மைதான். ஆனால் அதில் முளைத்தது சீமைக் கருவேலம். யாரோ இடித்த வீட்டின் செங்கல் வந்து விழுந்தது. பழைய கம்மோடு ஒன்று மூன்று மழைக்காலம் அங்கேயே கிடந்தது. அதில் மழைநீர் தேங்கித் தவளைகூடக் குடியிருந்தது. பிறகு ஒரு தேர்தல் வந்தது, பூங்காவும் வந்தது: எட்டு போடும் நடைபாதை, சறுக்குமரம், இரண்டு சீசா, ஒரு போர், ஒரு சின்டெக்ஸ் தொட்டி, மேற்சொன்ன கல்வெட்டு. ஒப்பந்தக்காரரின் பராமரிப்புக் காலம் முடிந்த மறுமாதமே புல் காய்ந்தது.

நாங்கள் தொண்டு செய்யக் கிளம்பியவர்கள் அல்ல. குழாயில் வாஷர் போய்விட்டது. இரவெல்லாம் தண்ணீர் சொட்டுகிறது. எதிர்வீட்டுக்காரருக்குத் தூக்கம் வரவில்லை. மனு எழுதினார், பதில் வரவில்லை. ஒருநாள் காலையில் ஸ்பானரும் வாஷருமாக அவரே போய் மாட்டிவிட்டார். அதைப் பார்த்து நடைப்பயிற்சிக்கு வந்த இரண்டு பேர் நின்றார்கள். ஒருவர், "சீசாவில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதையும் பார்த்துவிடலாமா?" என்றார். அவ்வளவுதான் எங்கள் இயக்கத்தின் வரலாறு. பெயர் வைக்க ஒரு வருடம் ஆயிற்று. பெயரில் 'நலச் சங்கம்' வரவேண்டுமா கூடாதா என்று பேசியே அதில் பாதி போயிற்று.

களை பிடுங்குவதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். கோரையைப் பிடுங்கிப் பாருங்கள். மேலே பிடித்து இழுத்தால் கையோடு வந்துவிடும், வெற்றி என்று தோன்றும். கிழங்கு உள்ளே சிரித்துக்கொண்டிருக்கும். பத்து நாளில் முன்னைவிட அடர்த்தியாக வரும். கடப்பாரையால் நெம்பி, கிழங்கோடு எடுத்து, வெயிலில் காயப்போட வேண்டும். வங்கியில் எனக்கு வராத பொறுமையைக் கோரை கற்றுக்கொடுத்தது. சருகு அடுத்த பாடம். முதல் இரண்டு ஆண்டு சருகைக் கூட்டிக் கொளுத்தினோம். சுத்தம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தோம். பக்கத்துத் தெருவில் ஆஸ்துமா இருக்கும் ஒரு பாட்டி ஆள் அனுப்பித் திட்டினார். பிறகு மூலையில் குழி எடுத்தோம். புங்க இலை சீக்கிரம் மட்கும். பாதாம் இலை தோல் மாதிரி, சட்டென்று மசியாது. சாணம் கரைத்துத் தெளித்து, மாதம் ஒருமுறை புரட்டினால் ஐந்தாறு மாதத்தில் கறுப்பாக, மழை வாசத்தோடு உரம் வரும். அதைக் கையில் அள்ளி முகர்ந்த ஒரு கணினிப் பொறியாளர், மறுவாரம் குழந்தையையும் அழைத்துவந்து முகரச் சொன்னார். தொண்டர்கள் பெருகியது உரைகளால் அல்ல, இப்படித்தான்.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்தது. எங்கள் பூங்காவின் அழகு என்று நாங்கள் படம் எடுத்து அனுப்பிக்கொண்டிருந்த இரண்டு மயில்கொன்றைகளும் வேரோடு சாய்ந்தன. தூரைச் சுற்றி அழகுக்காக நாங்களே சிமெண்ட் மேடை கட்டியிருந்தோம். வேர் அந்த மேடைக்குள்ளேயே சுருண்டு கிடந்தது. வேம்பும் பூவரசும் கிளை முறிந்தாலும் நின்றன. அந்தச் சிமெண்ட் மேடை கட்டத் தீர்மானம் போட்டவர்களில் நானும் ஒருவன் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

அதற்குப் பிறகுதான் கோட்டூர்புரம் மரப்பூங்காவைப் போய்ப் பார்த்தோம். அடையாற்றங்கரையில் குப்பை கொட்டிக் கிடந்த இடம் அது. 'நிழல்' என்ற அமைப்பின் தொண்டர்கள் 2006 வாக்கில் கைவைத்து, நாட்டு மரங்களாகத் தேர்ந்து நட்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து உழைத்து அதைச் சோலையாக்கினார்கள். அங்கே போனால் செயற்கை நீரூற்றையும் சிமெண்ட் யானையையும் தேடாதீர்கள். மரத்தடியில் நின்றால் மண் மெத்தென்றிருக்கும். சருகைப் பெருக்காமல் விட்டிருக்கிறார்களே என்று எங்களுடன் வந்த ஒருவர் குறைப்பட்டார். அந்தச் சருகுதான் அங்கே தோட்டக்காரர் என்பது அவருக்குப் புரியக் கொஞ்ச காலம் ஆயிற்று. எனக்கும்தான்.

இதுவரை சொன்னது எல்லாருக்கும் பிடித்த பகுதி. இனிமேல் சொல்லப்போவது எங்கள் சங்கத்திலேயே சிலருக்குப் பிடிக்காத பகுதி.

நாங்கள் நன்றாக வேலை செய்கிறோம் என்று பேர் வந்ததும், பூங்காச் சாவி எங்களிடம் வந்தது. பித்தளைப் பூட்டு, இரண்டு சாவி. முறைப்படி காகிதம் ஒன்றும் இல்லை. வாட்ச்மேன் வேலையை விட்டுப் போனார், அடுத்தவர் வரும்வரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்தவர் வந்தார், சாவி திரும்பப் போகவில்லை. அன்றிலிருந்து எங்கள் நடையே மாறிப்போயிற்று. களை பிடுங்கும்போது குனிந்தே இருந்தோம். சாவி வந்த பிறகு நிமிர்ந்துவிட்டோம்.

தமிழில் 'கா' என்றால் சோலை. பூங்கா என்பதில் இருக்கும் கா அது. 'கா' என்றால் காப்பாற்று என்றும் பொருள். எங்கள் காதில் இரண்டாவது பொருள் மட்டும் உரக்கக் கேட்கத் தொடங்கியது. ஒரு பலகை எழுதி மாட்டினோம். பந்து விளையாடக் கூடாது. புல்லில் உட்காரக் கூடாது. வெளி உணவுப் பொருள் கூடாது. பெஞ்சில் படுக்கக் கூடாது. வளர்ப்புப் பிராணி கூடாது. ஜோடியாக வருவோர் 'கண்ணியம் காக்க' வேண்டும். எண்ணிப் பார்த்தால் பதினான்கு வரி. கடைசி வரி மட்டும் 'பூங்காவை அனுபவித்து மகிழ்வீர்.' பலகை எழுதிய ஓவியர் அந்த வரியை எழுதும்போது சிரித்தார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

பெஞ்சு என்றதும் நினைவு வருகிறது. எங்கள் பெஞ்சுகள் எல்லாம் 'உபயம்' பெஞ்சுகள். முதுகு சாயும் இடத்தில் காலமான தாத்தா பாட்டியின் பெயர் பெரிதாக இருக்கும். யாரும் படுத்துவிடக் கூடாதென்று நடுவில் ஒரு இரும்புக் கைப்பிடி பற்றவைத்தோம். ஒவ்வொன்றுக்கும் வெல்டருக்குக் கொடுத்த கூலி என் நோட்டில் இருக்கிறது. களை பிடுங்கக் காசு இல்லை என்று வசூல் செய்த அதே மாதம் அது.

பூங்கா நேரம் காலை 5 முதல் 10, மாலை 4 முதல் 8. நடுவில் பூட்டு. பல பூங்காக்களில் இதே வழக்கம் இருந்ததால் யாரும் கேள்வி கேட்கவில்லை. ஒரு மே மாதம், பள்ளி விடுமுறை, மதியம் இரண்டரை மணி. உள்ளே விழுந்த பந்தை எடுக்க ஒரு பதினொரு வயதுப் பையன் கேட்டில் ஏறினான். கேட்டின் மேல் ஈட்டி முனைகள். அவையும் நாங்கள் கேட்டு வாங்கிப் போட்டவைதான். தொடையில் ஏழு தையல். அவன் அம்மா எங்கள் தெருவில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்கிறவர். சாயங்காலம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்துச் செயலாளர் மருத்துவச் செலவைத் தருவதாக முந்திக்கொண்டு சொன்னார். அந்த அம்மா அதைக் காதில் வாங்காமல் கேட்டார்: "பகல்ல யாருக்காக சார் பூட்டி வெச்சிருக்கீங்க?" பாதுகாப்புக்காகத்தானம்மா என்றார் செயலாளர். "எங்க பாதுகாப்புக்கா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அன்று இரவு எனக்குக் கணக்கு புத்தி வேலை செய்தது. பூங்கா எங்கள் நேரத்துக்குத் திறக்கிறது. காலையில் நடப்பவர்கள் நாங்கள். மாலையில் பேரப்பிள்ளையோடு வருபவர்கள் நாங்கள். பகலில் எங்களுக்கு வீடு இருக்கிறது, மின்விசிறி இருக்கிறது. பகலில் நிழல் யாருக்குத் தேவை? ஒரு வீட்டில் பத்து மணிக்கு வேலை முடிந்து அடுத்த வீட்டில் பன்னிரண்டுக்குத் தொடங்குகிறவருக்கு. எதிரே கட்டடம் கட்டுகிற தொழிலாளிக்கு. நீர் இறைத்து, உரம் போட்டு, அத்தனை நிழலை உற்பத்தி செய்துவிட்டு, அது தேவைப்படுகிற நேரம் பார்த்துப் பூட்டி வைத்திருந்தோம். பூட்டியிருந்தும் போர் மோட்டாரின் செம்புக் கம்பி இரண்டு முறை களவு போனது, இரண்டும் நள்ளிரவில்.

இந்தச் சிக்கல் எங்களுக்கு மட்டும் வந்ததல்ல. ஜேன் ஜேக்கப்ஸ் என்ற அமெரிக்க எழுத்தாளர் 1961இல் பெருநகரங்களின் வாழ்வும் சாவும் பற்றி எழுதிய நூலில் அக்கம்பக்கத்துப் பூங்காக்களுக்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். பூங்கா மக்களுக்குக் கிடைத்த வரம் என்று எல்லாரும் பேச, அவர் அதைத் திருப்பிப் போட்டார்: மக்கள் வந்தால்தான் பூங்காவுக்கு வாழ்வு. பிலடெல்பியாவில் 17ஆம் நூற்றாண்டில் ஒரே வரைபடத்தில் நான்கு மூலைக்கு நான்கு சதுக்கங்கள் போட்டார்கள். பிறந்த நேரம் ஒன்று, ஜாதகம் ஒன்று. மூன்று நூற்றாண்டு கழித்து ஜேக்கப்ஸ் பார்க்கும்போது ஒன்று ஊரின் செல்லப்பிள்ளை. மற்றொன்று போக்கிடம் இல்லாதவர்களின் இடம். இன்னொன்று போக்குவரத்துக்கு நடுவே ஒரு தீவு. நான்காவதை மக்கள் பயந்து ஒதுக்கினார்கள். வித்தியாசம் செடியில் இல்லை, சுற்றிலும் என்ன இருந்தது என்பதில் இருந்தது. செல்லப்பிள்ளையான ரிட்டன்ஹவுஸ் சதுக்கத்தைச் சுற்றி வீடும் இருந்தது, அலுவலகமும் இருந்தது, கடையும் இருந்தது. அதனால் ஒவ்வொரு மணிக்கும் ஒவ்வொரு வகை ஆள் வந்தார்கள். எங்கள் தெருவிலும் அந்தக் கலவை இருந்தது. நாங்கள்தான் அதை வெளியே நிறுத்திவிட்டோம்.

நியூயார்க்கில் வில்லியம் ஒய்ட் என்பவர் கேமராவை வைத்துக்கொண்டு மக்கள் எங்கே உட்காருகிறார்கள் என்று ஆண்டுக்கணக்கில் பார்த்தார். 1980இல் நூலாக வந்தது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது நாற்காலி விஷயம். நகர்த்தக்கூடிய நாற்காலி இருந்தால், உட்காருவதற்கு முன்னால் மனிதர்கள் அதைக் கொஞ்சம் நகர்த்துகிறார்கள். பெரும்பாலும் ஒரு காரணமும் இல்லாமல், முன்பு இருந்த இடத்திலேயே திரும்பவும் போட்டுக்கொள்கிறார்கள். 'இது என் இடம்' என்று சொல்லிக்கொள்ள அந்த இரண்டு அங்குலம் போதும். வேண்டாதவர்கள் என்று நாம் நினைப்பவர்களைத் துரத்தப் பெஞ்சைக் கெடுத்தால், மற்றவர்களும் வராமல் போவார்கள் என்பது அவர் கண்டது. எங்கள் இரும்புக் கைப்பிடி ஞாபகம் வந்தது.

இன்னொரு ஊர் டொராண்டோ. அங்கே நம் உறவுகள் ஸ்கார்பரோவில் நிறைய இருப்பதால் அந்தப் பெயர் உங்களுக்குப் பழக்கம். அதே நகரத்தில் தார்ன்கிளிஃப் பார்க் என்று ஒரு பகுதி. அடுக்குமாடிகளின் கூட்டம், பாகிஸ்தானிலிருந்தும் ஆப்கானிஸ்தானிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் வந்த குடும்பங்கள். நடுவே ஆர்.வி. பர்ஜஸ் பூங்கா என்று ஒன்று, கவனிப்பார் இல்லாமல். 2008இல் அங்கே குடிவந்த சபீனா அலி என்ற பெண்மணியும் அக்கம்பக்கத்துப் பெண்களும் சேர்ந்து ஒரு மகளிர் குழு அமைத்தார்கள். குழந்தைகளுக்கு விளையாட இடத்தைச் சீர்செய்யச் சொல்லிக் கேட்டார்கள். வெள்ளிக்கிழமைச் சந்தை போட்டார்கள். வீட்டிலேயே அடைந்து கிடந்த பெண்கள் சமோசாவும் துணியும் நகையும் விற்றார்கள். 2013இல் பூங்காவுக்குள்ளேயே ஒரு தந்தூர் அடுப்பு வந்தது. வட அமெரிக்கப் பொதுப் பூங்காக்களில் அதுவே முதல் தந்தூர் என்பார்கள். நகராட்சியின் அனுமதிப் படிவங்களில் தந்தூருக்கு எங்கே கட்டம் இருந்திருக்கும்! சூடான நானோடு அங்கே உட்கார்ந்திருக்கும் மனிதரை நினைத்துக்கொண்டு, 'வெளி உணவுப் பொருள் கூடாது' என்ற எங்கள் பலகையைப் படித்துப் பார்த்தேன். அவர்கள் தொண்டு அடுப்பு மூட்டியதில் வந்து சேர்ந்தது. எங்கள் தொண்டு பூட்டுப் போட்டதில் வந்து நின்றது.

கூட்டம் போட்டோம். பகலிலும் திறக்கலாம் என்றவர்கள் ஒன்பது பேர், கூடாது என்றவர்கள் ஏழு பேர், இரண்டு பேர் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எதிர்த்தவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்களில் ஒருவர் மூன்று கோடைக்காலம் தன் வீட்டுத் தண்ணீரை ஊற்றிக் கன்றுகளைக் காப்பாற்றியவர். "நான் வளர்த்த மரம்" என்று அவர் சொன்னபோது குரல் உடைந்தது. வளர்த்தவருக்கு உரிமை இல்லையா என்று கேட்டால், இல்லை என்பதுதான் பதில். அதை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியம் வேண்டும். எனக்கு அன்று வரவில்லை. ஓட்டு மட்டும் போட்டேன்.

திறந்த பிறகு எல்லாம் நன்றாக ஆகிவிட்டது என்று சொன்னால் நம்பாதீர்கள். புல்தரையில் வழுக்கை விழுந்தது. மதுப் பாட்டில் குறையவும் இல்லை, பெரிதாகக் கூடவும் இல்லை. ஒரு கிழவர் தினமும் வந்து பூவரசம் பூவைப் பறித்துக்கொண்டு போகிறார், இன்றுவரை. ஜோடிகள் விஷயத்தில் எங்கள் சங்கம் இன்னும் இரண்டாகத்தான் இருக்கிறது. போலீசுக்குச் சொல்லவேண்டும் என்று ஒரு பெரியவர் மாதந்தோறும் தீர்மானம் கொண்டுவருவார், மாதந்தோறும் அது தோற்கும். அவருக்கே காதல் கல்யாணம் என்பது ஊருக்குத் தெரியும்.

ஆனால் பதினோரு மணிக்குப் போய்ப் பாருங்கள். வீட்டு வேலை செய்யும் பெண்கள் நான்கைந்து பேர் புங்க நிழலில் உட்கார்ந்து தலை பின்னிக்கொள்வார்கள். ஒருவர் மகள் ஊரிலிருந்து பேசுவதை ஸ்பீக்கரில் போட, எல்லாரும் சேர்ந்து பதில் சொல்வார்கள். ஒரு மணிக்கு ஒடியாவும் வங்காளமும் பேசும் தொழிலாளர்கள் தூக்குவாளியைத் திறப்பார்கள். இரண்டு மணிக்கு உணவு கொண்டுபோகும் இளைஞர்கள் ஹெல்மெட்டைத் தலைக்கு வைத்துப் படுப்பார்கள். பெஞ்சின் கைப்பிடிகளைப் பழைய வெல்டரை அழைத்தே அறுத்து எடுத்தோம். அறுக்கக் கூலி கூட. போர்க் கம்பி அதற்குப் பிறகு களவு போகவில்லை. பகலில் ஆள் இருப்பதற்கும் நள்ளிரவுத் திருட்டுக்கும் சம்பந்தம் உண்டா என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். நோட்டில் இருப்பதைச் சொல்கிறேன்.

மயிலாப்பூர் லஸ்ஸில் நாகேஸ்வர ராவ் பூங்கா இருக்கிறது. அமிர்தாஞ்சன் தைலத்தைத் தந்தவரின் பெயர் தாங்கிய இடம். அங்கே மைக் இல்லாமல் குழந்தைகள் கச்சேரி செய்வார்கள். மைக் இல்லாவிட்டால் கேட்பவர் கிட்டே வந்து உட்காரவேண்டும். அதுதான் அதில் இருக்கும் நுட்பம். அதைப் பார்த்து நாங்களும் ஒரு ஞாயிறு மாலை முயன்றோம். எங்களிடம் இருந்த ஒரே வித்வான் ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். மவுத் ஆர்கனில் இளையராஜா வாசிப்பார். இரண்டாவது பாட்டில் ஒரு டெலிவரி இளைஞர் பல்லவியை எடுத்துக் கொடுத்தார். மூன்றாவதில் அவருடைய கைப்பேசி அடித்தது, ஆர்டர் வந்துவிட்டது. பாதி சரணத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். மீதி சரணத்தை நாங்கள் பாடினோம், சுருதி இல்லாமல்.

இங்கே மாணவர்களுக்கு ஒன்று. நாங்கள் செய்வதைக் கேட்டுவிட்டு, 'பார், மக்களே செய்துகொள்கிறார்கள், அரசு எதற்கு' என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். எங்கள் பூங்காவைக் காலையில் கூட்டும் பெண் ஒப்பந்தத் தொழிலாளி. ஞாயிறு தொண்டர் இருபது பேர் வந்து கூட்டினாலும், திங்கள் காலை ஐந்தரை மணிக்கு வருவது அவர்தான். தொண்டு அவருடைய வேலைக்கும் கூலிக்கும் போட்டியாகிவிடக் கூடாது. ஒருமுறை, 'நீங்கள்தான் நன்றாகப் பார்த்துக்கொள்கிறீர்களே' என்று சொல்லி அந்தப் பணியிடத்தை எடுக்கப் பார்த்தார்கள். களை பிடுங்குவதை மூன்று வாரம் நிறுத்திவிட்டு மனு எழுதினோம். கோரை எங்களுக்காகப் பேசியது.

அரசும் மறக்கக்கூடியதுதான். சென்னையில் 'பீப்பிள்ஸ் பார்க்' என்று ஒன்று இருந்தது. ஆளுநர் டிரெவெல்யன் 1859இல் கொடுத்தது, 116 ஏக்கர். அங்கே விலங்குகள் இருந்ததால் நம் பாட்டிமார் அதை 'உயிர் காலேஜ்' என்றும், எழும்பூர் அருங்காட்சியகத்தை 'செத்த காலேஜ்' என்றும் சொல்வார்கள். அந்த 116 ஏக்கர் எங்கே? விக்டோரியா மண்டபமாயிற்று, மூர் மார்க்கெட்டாயிற்று, ரிப்பன் கட்டடமாயிற்று, விளையாட்டரங்கமாயிற்று. விலங்குகள் 1985இல் வண்டலூர் போய்விட்டன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் நியாயமான காரியம். யாரும் பூங்காவைக் கொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக உபயோகப்படுத்தித் தீர்த்தார்கள்.

பெங்களூரில் ராஜ்மகால் விலாஸ் விரிவுப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய மனையை 1976இல் ஒரு தனியார் மருத்துவ அறக்கட்டளைக்கு மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். மருத்துவமனை நல்லதுதானே என்று விட்டுவிடாமல் அப்பகுதிக் குடியிருப்பாளர்கள் வழக்குப் போட்டார்கள். 1991இல் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. பக்கத்தில் குடியிருப்பவருக்கு அந்தத் திறந்தவெளிக்காக வழக்காட உரிமை உண்டு என்றும் ஏற்றுக்கொண்டது. எங்கள் சங்கத்தில் இந்தத் தீர்ப்பின் நகல் ஒன்று லேமினேட் செய்து வைத்திருக்கிறோம். அதைக் காட்டி நிலத்தைப் பறிக்க வருபவரைத் தடுக்கலாம். அதைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வருபவரைத் தடுக்கக் கூடாது. அந்த இரண்டாவது வரி தீர்ப்பில் இல்லை, என்னுடையது.

பித்தளைப் பூட்டு இப்போது உரக்குழிக்குப் பக்கத்துக் கொட்டகையில் மண்வெட்டிகளைக் காக்கிறது. ஒரு சாவி என் பையில் இருக்கிறது, இன்னொன்று கூட்டும் அம்மாவிடம். பலகையில் பதினான்கு வரியை நான்காகக் குறைத்துவிட்டோம். குறைத்து எழுதவும் அதே ஓவியர்தான் வந்தார்.

இப்போது ஒரு புதுத் தகராறு. தெற்கு வாயிலிலிருந்து பஸ் நிறுத்தத்தின் பக்கம் போக, நடைபாதையைச் சுற்றாமல் புல்லின் குறுக்கே எல்லாரும் நடக்கிறார்கள். மூன்று மாதத்தில் அழகான ஒற்றையடிப் பாதை விழுந்துவிட்டது. பூவரசுக்கு ஒதுங்கி, உரக்குழிக்கு வளைந்து, யாரும் வரையாத கோடு. அதைக் கல் பாவி நடைபாதையாக்கிவிடலாம் என்கிறது ஒரு கட்சி. முள்கம்பி கட்டிப் புல்லை மீட்கவேண்டும் என்கிறது இன்னொன்று. கல்லும் வேண்டாம் கம்பியும் வேண்டாம், அப்படியே விடுங்கள், மழைக்காலத்தில் சேறானால் கொஞ்சம் மணல் கொட்டிக்கொள்ளலாம் என்கிறார் கூட்டும் அம்மா. வருகிற ஞாயிறு காலை ஆறரை மணிக் கூட்டத்தில் அதுதான் முதல் பொருள். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் கோரை பிடுங்குகிறோம். கடப்பாரை நாங்கள் தருகிறோம்.